உபயம் யார் என்று கேளுங்கள்

தோட்டத்துக் கோயிலில் திருவிழா முடிந்து பந்தலும் பிரித்தாகிவிட்டால், அடுத்து கணக்கு வந்தாக வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார்கள், மேளத்துக்கு எவ்வளவு போயிற்று, அன்னதானத்துக்கு எவ்வளவு ஆயிற்று, கையிருப்பு எவ்வளவு என்று நிர்வாகக் குழு வாசித்துக் காட்ட வேண்டும். பத்து வெள்ளி இடித்தால்கூடக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்டுவிடுவார். அதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை.

சாமி காரியத்துக்கே கணக்குக் கேட்கிற நாம், நம் பெயரைச் சொல்லிக் கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் பேசுகிறவர்களிடம் கணக்குக் கேட்பதில்லை. சம்பளம் பற்றி ஆய்வு வருகிறது, காடு அழிவது பற்றிக் கருத்தரங்கு நடக்கிறது, தேர்தல் பற்றி அறிக்கை வருகிறது. அவற்றை எழுதுகிறவருக்குச் சம்பளம் யார் தருகிறார்? மண்டபத்து வாடகை யார் கட்டுகிறார்? பல சமயம் பணம் ஏதோ ஓர் அறவாரியத்திலிருந்து வருகிறது. அது நல்லதா கெட்டதா என்று பல வாசகர்கள் கேட்கிறார்கள். ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாத விஷயம் இது. ஆகவே, கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

அறவாரியம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பள்ளிப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம், நோயாளிக்குச் சக்கர நாற்காலி, தீபாவளிக்கு அரிசி மூட்டை. இவை கையில் வாங்கிப் பார்க்கக்கூடிய தருமங்கள். வேறொரு வகையும் உண்டு. சட்டத்தை மாற்றவேண்டும், அரசாங்கக் கொள்கையைத் திருத்தவேண்டும் என்று வாதாடும் இயக்கங்களுக்கும் ஆய்வு நிலையங்களுக்கும் பணம் கொடுப்பது. தருமம் செய்ய வந்தவர்களுக்கு அந்த வேலை எதற்கு என்று கேட்கலாம். அதற்கு நம்மைப் போன்ற தேயிலைத் தோட்டத்து மக்களின் வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது.

எண்ணெய் வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்த ராக்பெல்லர் குடும்பம் 1913இல் அமெரிக்காவில் ஓர் அறவாரியத்தை நிறுவியது. 1916இல் அதன் மருத்துவர்கள் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையில் இறங்கினார்கள். அந்தப் புழு செருப்பில்லாமல் மண்ணில் நடப்பவர் காலில் ஏறும். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். ஆள் வெளுத்துச் சோர்ந்து போவார். தமிழ்த் தொழிலாளர்களிடையே அது பரவிக் கிடந்தது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால், லயங்களுக்குக் கழிப்பிடம் இல்லாத தோட்டத்தில் மருந்து குடித்தவருக்கே மறுபடியும் புழு வந்தது. கழிப்பிடம் கட்டுவது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. அந்தச் செலவுக்குத் துரைமார் பலருக்கு மனம் வரவில்லை. மருந்து தருவதற்கு அறவாரியத்தின் பணம் போதும். கழிப்பிடம் வரவேண்டுமென்றால் அரசாங்கம் விதி செய்யவேண்டும், முதலாளி கீழ்ப்படிய வேண்டும். அங்கேதான் தருமம் கொள்கையின் வாசலில் போய் நின்றது. 1926இல் களுத்துறையில் அந்த அறவாரியத்தின் உதவியோடு ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அரசாங்கத்தின் பொதுச் சுகாதார வேலை வளர அது வழிகாட்டியது.

தொழிலாளி தெம்பாக இருந்தால் தோட்டத்துக்கும் இலாபம் என்ற கணக்கும் அதில் இருக்கவே செய்தது. கொடுக்கிறவர் மனத்தில் இரண்டு நினைப்பு இருப்பதால் மட்டும் கொடுத்தது வீணாகிவிடாது. ஆனால், அந்த இரண்டாவது நினைப்பு என்ன என்று தெரிந்துகொள்வது வாங்குகிறவருக்கு நல்லது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பணமும் அரசியலும் கலந்தால் என்ன ஆகும் என்பதைக் கேமரன் மலைவாசிகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2018 பொதுத் தேர்தலில் நம் நாடாளுமன்றத் தொகுதியில் வாக்குகளைப் பெறப் பணம் கொடுக்கப்பட்டது என்று கூறி, அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் தேர்தல் நீதிமன்றம் முடிவை ரத்துச் செய்தது. 2019 ஜனவரி 26இல் இடைத்தேர்தல் நடந்தது. வாக்காளர் கையில் பணத்தைத் திணித்தால் அது லஞ்சம். அதற்குச் சட்டமும் நீதிமன்றமும் இருக்கின்றன. ஓர் இயக்கத்துக்குப் பணம் கொடுத்து, அது ஆய்வு எழுதி, கூட்டம் போட்டு, மக்களின் எண்ணத்தை மாற்றுவது லஞ்சமாகாது. எண்ணத்தை மாற்ற முயல்வது ஜனநாயகத்தில் குற்றமும் ஆகாது. ஆனால், எண்ணத்தை மாற்ற வருகிறவர் யார் செலவில் வருகிறார் என்பது தெரியாமல் போனால், கேட்கிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்கிறார் என்றுதான் பொருள்.

தேர்தல் சீர்திருத்தம் கேட்ட பெர்சே இயக்கத்தின் கதை இதற்கு உதாரணம். 1997இல் வெள்ளியின் மதிப்பு விழுந்தபோது பிரதமர் மகாதீர், ஜார்ஜ் சோரோஸ் என்ற அமெரிக்கக் கோடீசுவரரைக் கடுமையாகக் குற்றம் சாட்டினார். 2006இல் இருவரும் கோலாலம்பூரில் சந்தித்துச் சமாதானமானார்கள். ஆனாலும் அந்தப் பெயர் நம் நாட்டில் சந்தேகப் பெயராகவே நிலைத்துவிட்டது. அவருடைய அறவாரியம் பல நாடுகளில் மனித உரிமை இயக்கங்களுக்கும் தேர்தல் சீர்திருத்த இயக்கங்களுக்கும் பணம் தருவது. அந்த அறவாரியத்திடமிருந்தும் மற்றோர் அமெரிக்க அமைப்பிடமிருந்தும் சில திட்டங்களுக்குப் பணம் வந்தது என்று, அப்போது பெர்சேயின் தலைவியாக இருந்த அம்பிகா சீனிவாசன் 2011இல் ஒப்புக்கொண்டார். பேரணிக்கு அந்தப் பணம் செலவாகவில்லை என்றும் கூறினார். 2016 நவம்பரில், ஐந்தாவது பேரணிக்கு முதல் நாள், போலீசார் பெர்சே அலுவலகத்தைச் சோதனையிட்டனர். அப்போதைய தலைவி மரியா சின் அப்துல்லா சோஸ்மா சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டு, 28ஆம் நாள்தான் விடுவிக்கப்பட்டார்.

பெர்சே கேட்ட கோரிக்கைகளை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். வாக்களித்தவர் விரலில் மை வைக்கவேண்டும் என்றார்கள்; 2013 பொதுத் தேர்தலில் மை வந்தது. வாக்காளர் பட்டியல் சுத்தமாக இருக்கவேண்டும் என்றார்கள். 18 வயது இளைஞருக்கு வாக்கு வேண்டும் என்று மாணவர் இயக்கமும் சேர்ந்து குரல் கொடுத்தது. 2019 ஜூலை 16இல் மக்களவை அதற்கு இசைந்தது. 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கும் வந்தது. இன்று தோட்டத்துப் பிள்ளை 18 வயதானால் பாரம் நிரப்பாமலேயே வாக்காளர் ஆகிவிடுகிறான். வெளிநாட்டுப் பணம் ஒரு காலத்தில் வந்தது என்பதற்காக இந்த உரிமை அந்நிய உரிமை ஆகிவிடுமா? ஆகாது. கோரிக்கை நியாயமா என்பது ஒரு கேள்வி. பணம் யாருடையது என்பது வேறு கேள்வி. ஒன்றுக்குப் பதில் தெரிந்ததால் மற்றதற்கும் பதில் தெரிந்துவிட்டது என்று நினைப்பதில்தான் நாம் ஏமாறுகிறோம்.

அப்படியானால் சந்தேகமே தேவையில்லையா என்றால், தேவைதான். ஆசிய அறவாரியம் என்று ஓர் அமைப்பு 1950களில் மலாயா உட்படப் பல ஆசிய நாடுகளில் புத்தகங்களும் உபகாரச் சம்பளங்களும் கொடுத்து நல்ல பெயர் எடுத்தது. அதற்குப் பின்னாலிருந்து இரகசியமாகப் பணம் கொடுத்தது அமெரிக்காவின் சி.ஐ.ஏ. உளவுத்துறை என்பது 1967இல் வெளியாயிற்று. புத்தகம் வாங்கிய பள்ளிக்கும், படித்த மாணவனுக்கும் அது தெரியவே தெரியாது. கொடுத்த புத்தகங்கள் நல்லவையாகவே இருந்திருக்கலாம். ஆனால், பெயரை மறைத்துக்கொண்டு கொடுத்தது கொடையின் மதிப்பையே கெடுத்துவிட்டது.

பணக்காரரின் அறவாரியங்கள் ஒரு கட்சிக்கோ ஒரு கொள்கைக்கோ மட்டும் சொந்தமல்ல. அமெரிக்காவில் 1967இல் கிளீவ்லாந்து நகரத்தில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதியும் வேலைக்கு ஃபோர்ட் அறவாரியம் பணம் கொடுத்தது. அவ்வாண்டே அந்த நகரத்துக்குக் கார்ல் ஸ்டோக்ஸ் என்ற கறுப்பினத்தவர் மேயராக வந்தார். வரி கட்டாத பணம் அரசியலில் புகுந்துவிட்டது என்று எதிர்ப்புக் கிளம்பியது. 1969இல் வந்த வரிச் சட்டம், தனியார் அறவாரியங்கள் தேர்தல் பிரசாரத்துக்கும் சட்டம் இயற்றுவோரை வளைப்பதற்கும் பணம் செலவிடாதபடி கட்டுப்பாடு விதித்தது. கணக்கைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்கவும் சொன்னது. அதோடு இந்தக் கதை முடிந்ததா? இல்லை. 1973இல் பீர் தொழிற்சாலை முதலாளி ஜோசப் கூர்ஸ் 2,50,000 டாலர் கொடுத்து ஹெரிடேஜ் என்ற ஆய்வு நிலையம் தொடங்க உதவினார். அது அரசாங்கம் தலையிடுவதைக் குறைக்கவேண்டும், வரியைக் குறைக்கவேண்டும் என்று வாதாடியது. ஒரு பக்கத்தின் பணத்தைக் கண்டு கோபப்படுகிறவர், மறுபக்கத்தின் பணத்தைக் கண்டும் அதே கோபம் கொள்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் லெம்பா பெர்த்தாமில் இருக்கிற நமக்கு எதற்கு என்று தோன்றலாம். 2013 அக்டோபர் 23ஆம் நாள் பின்னிரவை இங்கே யாரும் மறக்கமாட்டார்கள். சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது சேற்று வெள்ளம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோயிற்று. காரணம் என்ன? மழை ஒரு காரணம். மலைச்சரிவை வெட்டித் தோட்டம் போட்டதால் ஏரியில் சேர்ந்த மண் ஒரு காரணம். நீர் திறந்த விதம் ஒரு காரணம். ஆற்றோரத்தில் வீடுகள் எழும்பியது ஒரு காரணம். இவற்றில் எதை முதலில் எழுதுவது, எதைக் கடைசிப் பக்கத்தில் தள்ளுவது என்பது எழுதுகிறவர் கையில் இருக்கிறது. எழுதுகிறவர் கையைப் பிடித்திருப்பவர் யார் என்று தெரிந்தால்தான் அறிக்கையைச் சரியாகப் படிக்க முடியும்.

சம்பளமும் அப்படித்தான். 2013இல் முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று நடைமுறைக்கு வந்தது. 2022இல் 1,500 ஆயிற்று. 2025இல் 1,700 ஆயிற்று. ஒவ்வொரு முறையும் ஏற்றலாமா கூடாதா என்று அறிக்கைகள் பறந்தன. முதலாளிகள் சம்மேளனம் பேசினால் அது முதலாளிகளின் குரல் என்று பெயரிலேயே தெரிகிறது. அதில் நேர்மை இருக்கிறது. தொழிற்சங்கம் பேசினாலும் அப்படியே. நடுநிலைப் பெயர் வைத்துக்கொண்ட ஆய்வு நிலையம் பேசும்போதுதான் நாம் கூடுதலாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஓர் எண்ணில் நம் அடுப்பங்கரை இருக்கிறது அல்லவா?

என்ன கேட்பது? நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, உங்களுக்குப் பணம் தருபவர் யார், எவ்வளவு? நல்ல இயக்கம் இதை ஆண்டறிக்கையிலேயே போட்டுவிடும். சங்கமாகப் பதிந்திருந்தால் ஆண்டுதோறும் சங்கப் பதிவகத்துக்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். கம்பெனியாகப் பதிந்திருந்தால் கட்டணம் கட்டி யாரும் அதன் கணக்கைக் கம்பெனிப் பதிவகத்தில் பார்க்கலாம். படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களிடம் சொன்னால் தேடித் தருவார்கள்.

இரண்டாவது, பணம் கொடுத்தவருக்குப் பிடிக்காத உண்மையை எப்போதாவது எழுதியிருக்கிறீர்களா? ஒருமுறைகூட எழுதியதில்லை என்றால் கொஞ்சம் தள்ளி நின்று கேட்பது நல்லது.

மூன்றாவது, எங்களைப் பற்றி எழுதுமுன் எங்களைக் கேட்டீர்களா? லயத்துக்கு வந்து நம் பெண்களிடம் விவரம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள், அறிக்கை அச்சானபின் ஒரு பிரதியைக் கொண்டுவந்து தமிழில் விளக்கிச் சொல்கிறார்களா? கொழுந்து நிறுத்தபின் எடையைச் சொல்லாமல் போகிற கிராணியை நாம் விடுவோமா?

நான்காவது, நாளைக்கு அந்தப் பணம் நின்றுவிட்டால் இந்த வேலை என்ன ஆகும்? அறவாரியத்தின் மனம் மாறும், தலைமுறை மாறும். நம் பிரச்சினையோ அதே இடத்தில் இருக்கும்.

நான்காவது கேள்விக்கு நம் முன்னோர் ஒரு பதில் காட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில், துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். மாதம் 10 வெள்ளி வீதம் தொழிலாளர்கள் பங்குப் பணம் கட்டினார்கள். பால்மரம் வெட்டியவர் கட்டிய காசில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. எந்தச் சீமான் தயவும் இல்லாமல் ஒரு கொள்கையை நடத்திக் காட்டிய பணம் அது. பங்குதாரர் என்ற முறையில் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது.

அறவாரியங்களின் உதவியை ஒதுக்கிவிடுங்கள் என்று சொல்லவரவில்லை. வழக்குக்கும் ஆய்வுக்கும் ஆகும் செலவை நாம் தனியாகத் தாங்க முடியாது. ஆனால், நமக்காகப் பேசுகிற இயக்கம் ஒன்று நல்லது என்று தெரிந்தால், மாதம் ஐந்து வெள்ளியாவது கொடுத்து அதற்கு ரசீது வாங்கி வையுங்கள். வெளியார் கோடி கொடுக்கட்டும். நம்முடைய ஐந்து வெள்ளியும் அதில் இருந்தால், கேட்கிற இடத்தில் நாம் இருப்போம். பதில் சொல்கிற இடத்தில் அவர்கள் இருப்பார்கள். அடுத்த முறை நம் மண்டபத்தில் கருத்தரங்கு நடந்தால், தேநீர் வந்ததும் கலைந்துவிடாமல், தாய்மார்களில் ஒருவராவது எழுந்து முதல் கேள்வியைக் கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவர்களோடு துணிந்து சேருங்கள்.