ஒற்றைக் கண் கார்

இரவு 9 மணி. நீங்கள் குடும்பத்துடன் நெல்லையில் இருந்து காரில் புறப்படுகிறீர்கள். சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி, பாளையங்கோட்டையைக் கடந்து, திருச்செந்தூர் சாலையில் போகிறீர்கள். இரு பக்கமும் இருட்டு. எதிரே ஒரு விளக்கு வருகிறது. ஒரே ஒரு விளக்கு!

"மோட்டார் சைக்கிள்தான்" என்று நினைக்கிறீர்கள். மோட்டார் சைக்கிளுக்குக் கொஞ்சம் இடம் போதும். ஆகவே நீங்கள் ஒதுங்கவில்லை.

அருகில் வந்ததும்தான் உண்மை தெரிகிறது. அது மோட்டார் சைக்கிள் அல்ல, கார்! அதன் வலது பக்க விளக்கு எரியவில்லை. காலி இடம் என்று நீங்கள் நினைத்தீர்களே, அந்த இடத்தில்தான் காரின் பாதி உடம்பு வந்து கொண்டிருக்கிறது!

அந்தக் காரின் சொந்தக்காரர் கெட்டவர் அல்ல. "நாளைக்கு மெக்கானிக்கிடம் காட்டலாம்" என்று நினைத்து இருப்பார். நாளை, நாளை என்று பத்து நாள் ஓடி இருக்கும். அவ்வளவுதான். ஆனால், அந்தப் பத்து நாளில் எத்தனை பேருடைய உயிர் அவருடைய கையில் இருந்தது என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

பாபநாசம் நீர் மின்சார நிலையம் 1944-ம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு இந்தத் தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வீடுகளில் பல்பு எரிந்தது. வீட்டில் பல்பு போய்விட்டால் நாம் மெக்கானிக்கைத் தேடிப் போகிறோமா? ஸ்டூலைப் போட்டு ஏறி, நாமே மாற்றி விடுகிறோம். கார் பல்புக்கு மட்டும் ஏன் நாளைக் கடத்த வேண்டும்? பல கார்களில் அது 15 நிமிட வேலை.

நடந்து போகிறவர்கள்

காரில் போகிறவர் இரும்புக் கூட்டுக்குள் இருக்கிறார். நடந்து போகிறவருக்கு என்ன பாதுகாப்பு?

தைப்பூசக் காலத்தில் இந்தச் சாலையைப் பாருங்கள். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் வழியாகத் திருச்செந்தூருக்குப் பக்தர்கள் நடந்து போவார்கள். பகல் வெயிலுக்குப் பயந்து இரவில் நடப்பவர்கள் பலர். தாய்மார்கள், வயதானவர்கள், தோளில் தூங்கும் குழந்தைகள்! பச்சை ஆடை அணிந்தவர்களும் அதிகம். இருட்டில் பச்சையும் கறுப்பும் ஒன்றுதான்.

சிலருடைய பையில் மின்னும் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டு இருக்கும். அந்த ஸ்டிக்கருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நம்முடைய ஹெட்லைட் பட்டால்தான் மின்னும். நம் விளக்கு அணைந்து இருந்தால், அந்த ஸ்டிக்கரும் அணைந்த மாதிரிதான்.

மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். "ஐயோ!" என்று சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

விளக்கு நாம் பார்ப்பதற்கு மட்டும் அல்ல. பிறர் நம்மைப் பார்ப்பதற்கும்தான். இந்தக் காரணத்தால்தான் 2017-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல், புதிய மோட்டார் சைக்கிள்களில் பகலிலும் விளக்கு தானாகவே எரியும்படி விதி கொண்டு வந்தார்கள்.

எது கெட்டது?

இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டால், பெரும்பாலும் பல்பு மேல் குற்றம் இருக்காது. பியூஸ், ரிலே, சுவிட்சு இவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எரியாவிட்டால், பல்பு போயிருக்கலாம். அந்தப் பக்கத்துப் பியூஸ் போயிருக்கலாம். பியூஸ் போயிருந்தால் அதே அளவு பியூஸைத்தான் போட வேண்டும்.

பல கார்களில் உள்ள பல்புக்கு எச்-4 என்று பெயர். 12 வோல்ட், 60/55 வாட். ஏன் இரண்டு எண்? அதற்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒன்று பிரைட் லைட்டுக்கு, மற்றொன்று டிம் லைட்டுக்கு. ஆகவே பிரைட் எரிந்து டிம் எரியாவிட்டால், ஒரு இழை மட்டும் அறுந்து இருக்கலாம். அப்போதும் பல்பைத்தான் மாற்ற வேண்டும்.

எல்லாக் காருக்கும் எச்-4 அல்ல. காருடன் கொடுத்த கைப்புத்தகத்தைப் பாருங்கள். அல்லது பழைய பல்பையே கடைக்குக் கொண்டு போங்கள். வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். இரண்டு பல்பும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவை. ஒன்று ஓய்வு பெற்றால், மற்றதும் சீக்கிரம் ஓய்வு பெறும்!

மாற்றும் முறை

காரைச் சமமான இடத்தில் நிறுத்துங்கள். விளக்கை அணையுங்கள். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுங்கள். கை பிரேக் போடுங்கள். பிறகு 15 நிமிடம் பொறுங்கள். எரிந்த பல்பு கையைப் பொசுக்கிவிடும்.

பானெட்டைத் திறந்து, விளக்கின் பின்பக்கத்தைப் பாருங்கள். மூன்று பல் உள்ள பிளக் ஒன்று இருக்கும். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளக்கையே பிடித்து நேராக இழுங்கள். அதன் பின் ரப்பர் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். அதை அமுக்கி விலக்கினால், பல்பு கைக்கு வந்துவிடும்.

புதிய பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள்! இது முக்கியம். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை கண்ணாடியில் ஒட்டும். பல்பு சூடாகும்போது அந்த இடம் மட்டும் அதிகமாகக் காயும். பல்பு சீக்கிரம் போய்விடும். அடிப்பாகத்து உலோகத்தைப் பிடியுங்கள். தவறித் தொட்டுவிட்டால், சுத்தமான துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள்.

பல்பின் விளிம்பில் மூன்று காதுகள் இருக்கும். அவை ஒரே ஒரு விதத்தில்தான் பொருந்தும். பொருந்தாவிட்டால் திருப்பிப் பாருங்கள், அழுத்தித் திணிக்காதீர்கள். கிளிப்பை மாட்டி, ரப்பர் மூடியை இடைவெளி இல்லாமல் அழுத்தி, பிளக்கைச் செருகுங்கள். மூடி சரியாக இல்லாவிட்டால் மழைநீர் உள்ளே போய்விடும்.

பழைய பல்பைக் காகிதத்தில் சுற்றிப் போடுங்கள். பல்புக்குள் அழுத்தமான வாயு இருக்கிறது. உடைந்தால் சிதறும். குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது.

சில கார்களில் பேட்டரியையோ, முழு விளக்கையோ கழற்றினால்தான் கை நுழையும். இன்றைய எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் மாற்றுவதற்குத் தனிப் பல்பே கிடையாது. செனான் விளக்கில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும். அதைத் தொடவே கூடாது. அவற்றை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஆனால் இன்றைக்கே விடுங்கள்!

பெரிய வெளிச்சம், பெரிய ஆபத்து

"மாற்றுவதுதான் மாற்றுகிறோம், 100/90 வாட் பல்பாகப் போட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம்!

55 வாட் இருந்த இடத்தில் 90 வாட் போட்டால், ஒயரில் பாயும் மின்சாரம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். ஒயரில் உண்டாகும் சூடு இரண்டரை மடங்குக்கு மேல் ஆகும். ஹோல்டர் உருகும். ஒயர் கருகும்.

அதைவிடப் பெரிய கேடு எதிரே வருபவருக்கு. கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் அவர் மூன்று நொடி தடுமாறினால் போதும். 60 கிலோ மீட்டர் வேகத்தில் அவர் 50 மீட்டர் தூரம் குருடராகவே வண்டி ஓட்டுகிறார்! ஹாலஜன் பல்புக்கென்று செய்த விளக்கில் எல்.இ.டி. பல்பைத் திணித்தாலும், பல நேரங்களில் ஒளி சிதறி இதே தொல்லைதான்.

டிம் லைட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் நாட்டில் வண்டிகள் இடது பக்கம் போகின்றன. ஆகவே டிம் லைட், வலது பக்கம் தாழ்ந்தும் இடது பக்கம் சற்று உயர்ந்தும் விழும்படி செய்து இருக்கிறார்கள். வலது பக்கம் தாழ்வது, எதிரே வருபவரின் கண்ணைக் காப்பதற்காக. இடது பக்கம் உயர்வது, சாலை ஓரத்தில் நடப்பவரை நமக்குக் காட்டுவதற்காக! பல்பைக் கோணலாகப் பொருத்தினால் இரண்டும் கெட்டுவிடும்.

எதிரே இருப்பவரின் கண் கூசாதபடி ஒளி கீழ்நோக்கி விழ வேண்டும் என்று 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் சொல்லுகின்றன.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இருட்டிய பிறகு, சுவரில் இருந்து 5 மீட்டர் தள்ளி, சமதரையில் காரை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்பகுதி தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம் லைட்டைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு, வலது பக்கத்தில் அந்தக் கோட்டுக்குச் சுமார் 5 சென்டி மீட்டர் கீழே இருக்க வேண்டும். கைப்புத்தகம் வேறு அளவு சொன்னால், அதுவே சரி. கோட்டுக்கு மேலே போனால், விளக்கைத் திருத்தாமல் இரவில் வண்டியை எடுக்காதீர்கள்.

முதலியார் காட்டிய வழி

புறப்பட்டபோது ஒரு பாலத்தைத் தாண்டினோம் அல்லவா? ஒரு காலத்தில் அங்கே பாலம் இல்லை. நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே மக்கள் ஓடத்தில்தான் ஆற்றைக் கடந்தார்கள். கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த சுலோசன முதலியார், தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துப் பாலம் எழுப்பினார். 1843-ம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. முன்பின் தெரியாதவர்கள் பத்திரமாகக் கரை சேர வேண்டும் என்று நினைத்தார் அவர்.

எல்லோராலும் பாலம் கட்ட முடியாது. ஒரு பல்பை மாற்ற எல்லோராலும் முடியும். அதனால் பிழைப்பவர் யார் என்று நமக்குத் தெரியாது. அவருக்கும் நம்மைத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

இன்று மாலையில் காரை வாசலில் நிறுத்தி விளக்கைப் போடுங்கள். வீட்டில் உள்ள ஒருவரை முன்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணும் தெரிகின்றனவா? தெரியாவிட்டால், இன்று இரவு கார் வாசலிலேயே நிற்கட்டும்.