இரத்தம் எழுதும் கோடு

மீஞ்சூரைச் சுற்றியுள்ள வயல்களில் பாம்பு தீண்டியவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிய அனுபவம் நம் வாசகர் சிலருக்கு இருக்கக்கூடும். அங்கே மருத்துவர் சிறிது இரத்தம் எடுத்து, புதிய கண்ணாடிக் குழாயில் இட்டு, 20 நிமிடம் அசையாமல் வைப்பார். பிறகு குழாயைச் சாய்ப்பார். உறைந்திருந்தால் சற்று ஆறுதல். நீராய் ஓடினால் நஞ்சு இரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்று பொருள்.

அறுவைக் கூடத்தில் இது போதாது. உறையவில்லை என்று சொல்லுமேயன்றி, ஏன் என்று குழாய் சொல்லாது. உறைதலைத் தொடங்கும் புரதங்கள் குறைந்தனவா, தட்டணுக்கள் குறைந்தனவா, அன்றி உறைந்த கட்டியே கரைகிறதா? ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வேண்டியது வேறு. ஆய்வுக்கூடத்து முடிவு வருமுன் ஒரு மணி நேரமும் ஆகிவிடலாம்.

இதற்கு வழி கண்டவர் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் பணியாற்றிய ஹெல்முட் ஹார்டெர்ட், ஆண்டு 1948. சிறு கிண்ணத்தில் சில துளி இரத்தம். வெப்பம், உடலில் உள்ள அதே 37 டிகிரி. கிண்ணம் இப்படியும் அப்படியுமாக மெல்லத் திரும்பும். நடுவே மெல்லிய கம்பியில் ஓர் ஊசி தொங்கும். இரத்தம் நீராயிருக்கும்வரை ஊசி அசையாது. உறையத் தொடங்கியதும் கிண்ணத்தோடு ஊசியும் இழுபட, அவ்வசைவு இரு கோடுகளாய் விரியும். கோடு பிரியத் தாமதித்தால் பிளாஸ்மா தேவை. விரிவு போதாவிடில் பெரும்பாலும் தட்டணுக்கள். விரிந்தது விரைவில் குறுகினால் கட்டி கரைகிறது. அதற்கு இரத்தமன்று, டிரனெக்ஸாமிக் அமிலம் என்னும் மருந்தே ஏற்றது.

இத்துணை நல்ல கருவி நெடுங்காலம் ஆய்வாளர் மேசையிலேயே கிடந்தது நமக்கு வியப்பே. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கல்லீரல் மாற்று அறுவை செய்யப்பட்ட 66 பேரிடம் இதைக்கொண்டு நடத்திய ஆய்வு 1985 இல் வெளிவந்தது. இரத்தமும் பிற திரவங்களும் ஏற்றும் அளவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாம். உறைதற் புரதங்களில் மிகுதியானவை கல்லீரலில் உருவாவதால், அவ்வறுவையில்தான் இக்கோடு மிகவும் வேண்டப்படுகிறது. நம் பகுதியினர் ரயிலேறிச் செல்லும் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கல்லீரல் மாற்று அறுவை 2009 இல் தொடங்கியது.

கருவியின் விலை அதிகம். சிறு மருத்துவமனைகளில் இதை எதிர்பார்க்க இயலாது. ஆயினும், "இன்னும் இரண்டு பை ஏற்றினால் நல்லதுதானே" என்னும் நம் பழைய எண்ணம் சரியன்று. தேவையின்றி ஏற்றிய பிளாஸ்மா ஒவ்வாமை தரலாம். நுரையீரலில் நீரும் கோக்கலாம். எதை, எதற்காக ஏற்றுகிறார்கள் என்று உறவினர் பணிவோடு கேட்பதில் தவறில்லை.

"நாங்கள் கொடுத்த இரத்தத்தை ஏற்றவே இல்லையாமே" என்று சிலர் குறைப்படுவதை நாம் கேட்டதுண்டு. பிரித்தெடுத்த சிவப்பணுக்கள் குளிர்ப்பெட்டியில் 42 நாள்வரை இருக்கும். அதற்குள் வேறொருவருக்குத் தேவைப்பட்டுவிடும். தட்டணுக்களுக்கோ 5 நாள்தான்.