மொழியை மறக்கும் இணையதளங்கள்

2024-ஆம் வருஷம் நவம்பர் 19-ந் தேதி இந்திய ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் இணையதளத்தைத் திறந்தவர்களுக்கு அதன் முகப்பு ஹிந்தியில் தரிசனம் கொடுத்தது. எதிலும் ஒத்துப்போகாத முதலமைச்சர் ஸ்டாலினும் எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமியும் அன்று ஒரே குரலில் கண்டித்தார்கள். மொழி மாற்றும் பக்கம் தொழில்நுட்பக் கோளாறினால் வேலை செய்யவில்லை, இப்போது சீராகிவிட்டது, ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் தளம் கிடைக்கும் என்று கார்ப்பரேஷன் வருத்தம் தெரிவித்தது. கிளர்ச்சி ஓய்ந்தது, அதன் அடியிலிருந்த கேள்வி ஓயவில்லை. எந்தப் பாஷை வேண்டுமென்று ஒருவர் ஒரு முறை சொல்லிவிட்டபின், மறுபடியும் மறுபடியும் அவரைச் சொல்ல வைக்க எந்த ஸ்தாபனத்துக்கு உரிமையுண்டு?

இதற்கெல்லாம் துவேஷமே காரணமென்று நாம் சொல்லமாட்டோம். பெரும்பாலும் அசிரத்தையே காரணம். சர்வர் என்பது சுபாவத்திலேயே மறதியுடையது. ஒரு பக்கம் வாங்கிச் சென்றவர் அடுத்த பக்கம் கேட்கும்போது அவர் அதற்குப் புது ஆள். இக்குறையை நீக்க 1994-இல் நெட்ஸ்கேப் கம்பெனியின் லூ மொன்டுல்லி கண்ட உபாயமே குக்கீ. சர்வர் தன் பதிலோடு சிறு குறிப்பொன்றை அனுப்புகிறது. பிரௌசர் அதைப் பத்திரப்படுத்தி, அதே தளத்துக்குப் போகும் ஒவ்வொரு வேண்டுகோளோடும் திருப்பிக் காட்டுகிறது.

திருவாலங்காட்டாருக்கு இது புதுமையன்று. 1905-இல் இவ்வூரில் வெளிப்பட்ட முதலாம் ராஜேந்திர சோழரின் செப்பேடுகள், பழையனூரை இக்கோயிலுக்கு அளித்த செய்தியைச் சொல்கின்றன. 31 ஏடுகளையும் வளையத்தில் கோத்து, முத்திரையிட்டு, பெற்றவரிடமே ஒப்படைத்தார்கள். அதிகாரிகள் மாறினாலும் ஏட்டைக் காட்டினால் போதும். சமஸ்கிருதப் பகுதி வம்சப் பெருமை பேசுகிறது; நிலத்தின் எல்லையைச் சொல்லவேண்டிய இடத்தில் சாசனம் தமிழில்தான் பேசுகிறது!

மொழி விருப்பத்துக்கு 31 ஏடு வேண்டாம், இரண்டெழுத்து போதும். தமிழுக்கு ‘டி, ஏ’ என்பது குறியீடு. பக்கத்தை அமைக்கும் முன்னரே சர்வர் அதைப் படித்துவிடுவதால் முதல் வரியிலிருந்தே தமிழ் வரும். விருப்பத்தைப் பிரௌசருக்குள்ளேயே வேறிடத்தில் வைக்கும் தளங்களில், ஆங்கிலம் ஒரு கணம் மின்னி மறைந்தபின் தமிழ் தோன்றுவதைப் பலர் கண்டிருப்பர். காலவரை குறிக்காவிட்டால் பிரௌசரை மூடியதும் குக்கீ மாய்ந்துவிடும். ஒரு வருஷம் என்று ஒரு சொல் எழுதச் சோம்பியவரால் லட்சோப லட்சம் பேர் தினந்தோறும் மொழிப் பொத்தானைத் தேடுகிறார்கள். எந்தப் பாதைக்குச் செல்லும் என்பதைக் குறுக்கி எழுதிவிட்டாலோ, முகப்பில் தமிழ், மனுப் பகுதியில் ஆங்கிலம். திரும்பி வரும் குறிப்பைச் சர்வர் அப்படியே நம்பிவிடவும் கூடாது. அது உபயோகிப்பவர் கையில் இருப்பதால் திருத்தக்கூடியது. தெரிந்த பாஷையானால் ஏற்று, அல்லவெனில் தள்ளவேண்டும். போலிச் செப்பேடுகளும் உண்டென்பதைச் சாசன ஆராய்ச்சியாளர் அறிவர்.

ஆள் இருக்கும் ஊரைக் கொண்டு மொழியை ஊகிக்கலாமே என்பர் சிலர். திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1-ந் தேதிதான் ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. வீட்டில் தெலுங்கும் கடைவீதியில் தமிழும் பேசுவோர் இப்பக்கத்தில் இன்றும் உண்டு. இவர்களுடைய பாஷையை ஊர்ப்பெயர் எப்படிச் சொல்லும்? கேட்டறிவதே மரியாதை, கேட்டதை நினைவில் வைப்பது அதனினும் மரியாதை.

இதைவிட நமக்குக் கவலை தருவது வேறொன்று. கைபேசி எண் கொடுத்துப் பதிவு செய்தால்தான் உங்கள் விருப்பத்தை ஞாபகம் வைப்போம் என்று சில தளங்கள் பேரம் பேசுகின்றன. தமிழுக்கு விலை கைபேசி எண்ணா? அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று 2017-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, குறித்த காரியத்துக்கு அவசியமான தகவலளவுக்கே சம்மதம் செல்லும் என்கிறது; 5-ஆம் பிரிவு, தகவல் கேட்கும் அறிவிப்பை அரசியல் சாஸனத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும் படிக்க வசதி தரச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வக்கீலின் உதவியின்றியே விளங்கும்: தமிழில் கேட்கவேண்டும், தேவையானதை மட்டுமே கேட்கவேண்டும். மொழி விருப்பத்துக்கு ஆள் இன்னாரென்று தெரியவேண்டிய தேவையே இல்லை. ஒருவரைப் பின்தொடரும் எண்ணை அதே குக்கீயில் திணிப்பவர் விருந்தாளியின் பையைச் சோதிப்பவரே.

இ-சேவை மையத்தில் ஒரே கணினியின் முன் காலையிலிருந்து மாலைவரை ஐம்பது பேர் வந்து போகிறார்கள். முந்தினவர் தேர்ந்த மொழி பிந்தினவருக்கு வந்து நிற்கும். ஆகையால் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் மொழிப் பொத்தான் இருக்கட்டும். அதில் ‘தமிழ்’ என்று தமிழெழுத்திலேயே எழுதட்டும்.