வவுச்சர் எங்கே?

வங்கியில் முன்பெல்லாம் வவுச்சர் இல்லாமல் லெட்ஜரில் ஒரு பைசா ஏறாது. வரலாற்று ஆய்வேடு எழுதும் தோழர்களிடம் நான் கேட்பதும் அதுதான்.

1939 ஜூலை 8, மதுரை மீனாட்சி கோயில் நுழைவு. ‘வைத்தியநாத அய்யர் அரிஜனங்களை அழைத்துச் சென்றார்’ என்று ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதிட்டுப் போறோம். அழைத்துச் செல்ல நாம என்ன ஆட்டுக்குட்டியா? கக்கன், முருகானந்தம், சின்னையா, முத்து. உசிரைக் கையில பிடிச்சு உள்ளே நுழைந்த நம்மாளுக இவங்க.

அந்த வருடச் சட்டத்தையே எடுத்துப் படியுங்கள். பேரிலேயே கோயில் நுழைவு ‘அங்கீகாரம்’, ‘காப்பு’ என்று இருக்கும். எதிலிருந்து காப்பு? வழக்கிலிருந்து. நாம சாமி கும்பிட்டதற்கு வழக்கு வரும் என்று அரசாங்கமே பயந்திருக்கிறது! எந்தப் பாடப்புத்தகம் இதைச் சொல்லுது?

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போங்க. அன்றைய பத்திரிகைகளைப் புரட்டுங்க. ஆனால் அந்தக் காகிதங்களை எழுதியதும் பெரும்பாலும் மேல்சாதிக் கைதான். அதனால் மேலூர்ப் பக்கச் சேரிகளுக்கும் போங்க. கோயிலுக்குள் போனவர்கள் ஊர் திரும்பினப்ப என்ன நடந்தது? அப்பன் சொல்லக் கேட்ட கிழவிகளிடம் கேட்டு, தேதி போட்டு எழுதுங்க. அதுவும் வவுச்சர்தான்.