தப்பு செய்ய ஒரு இடம்

இலஞ்சியில் ப்ளஸ் ஒன் படிக்கும் பெண் கம்ப்யூட்டரில் கேம் ஆடினால் என்ன சொல்வீர்கள்? ‘மூடி வெச்சுட்டு கெமிஸ்ட்ரி படி!’ அவள் ஆடுவதே கெமிஸ்ட்ரியாக இருந்தால்?

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன், 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ‘ஃபெட்’டைத் தொடங்கினார். இலவசம். வேதிச் சமன்பாட்டைச் சரிக்கட்டும் விளையாட்டு அதில் உண்டு. மீத்தேன் எரிய எத்தனை ஆக்ஸிஜன் மூலக்கூறு? ஒன்று என்று போட்டால் திட்டு கிடையாது. திரையில் தராசு சாயும். ரெண்டாக்கி, தண்ணீரையும் ரெண்டாக்கினால் நேராகும். ஏன் என்று அவளே கண்டுபிடிப்பாள்.

நீட்டில் கெமிஸ்ட்ரிக்கு 45 கேள்வி. தப்பானால் ஒரு மார்க் கழிப்பார்கள். பரீட்சை தண்டிக்கட்டும் சார், அது அதன் தொழில். படிக்கும்போதே தண்டித்தால் பிள்ளை யோசிப்பதை விட்டுவிட்டு மனப்பாடத்துக்குப் போய்விடும்.

அதற்காக கேம் என்று பெயர் வைத்ததெல்லாம் உசத்தி இல்லை. சோடியத்தின் குறியீட்டைச் சொன்னால் பலூன் வெடிக்கிற ரகம், கலர் அடித்த மனப்பாடம்தான். நல்ல ஆட்டத்துக்கும், முடிந்தபின் ‘ஏன் ரெண்டு?’ என்று கேட்க ஒரு டீச்சர் வேண்டும்.

அரசுப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்துவிட்டது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கை மட்டும் விசாரிக்காதீர்கள். ‘இதற்கு வாரம் ஒரு பீரியட் கொடுங்க’ என்று கேளுங்கள்.