ஐந்து விழுக்காடு திராட்சைக்கொடிகள்



திருப்பலியில் நாம் ஒப்புக்கொடுக்கும் திராட்சை இரசம் எந்த இரகத் திராட்சையிலிருந்து வந்தது என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அது திராட்சைப் பழத்திலிருந்து இயற்கையாகப் பெறப்பட்டதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்பதே திருச்சபைச் சட்டத் தொகுப்பு 924-ஆம் எண்ணில் கேட்பது. சிவப்பா வெள்ளையா, எந்த நாட்டுக் கொடி என்றெல்லாம் சட்டம் பார்ப்பதில்லை.

ஆனால் இரகத்தை மிகக் கண்டிப்பாகப் பார்க்கும் ஒரு பகுதி பிரான்சின் தென்மேற்கில் உள்ளது. அதன் பெயர் போர்தோ. நம் நாட்டில் புவிசார் குறியீடு இருப்பதைப் போல, அங்கே 'போர்தோ' என்னும் பெயரைப் புட்டியின்மேல் இட வேண்டுமானால் விதியில் சொல்லப்பட்ட இரகங்களையே பயிரிட வேண்டும். சிவப்பு இரசத்திற்கு மெர்லோ, காபர்னே சோவிஞோன் முதலிய ஆறு இரகங்கள் மட்டுமே காலம் காலமாக இருந்து வந்தன. அந்த விதி 2021-ஆம் ஆண்டு சற்றே தளர்த்தப்பட்டது. காலநிலை மாற்றத்தைத் தாங்குமா என்று சோதித்துப் பார்ப்பதற்காக ஆறு புதிய இரகங்கள் அனுமதிக்கப்பட்டன. அரிநார்னோவா, காஸ்தே, மார்சலான், தூரிகா நாசியோனல் ஆகிய நான்கும் சிவப்பு இரசத்திற்கு. அல்வரிஞோ, லிலியோரிலா ஆகிய இரண்டும் வெள்ளை இரசத்திற்கு. ஒரு விவசாயி தம் தோட்டப் பரப்பில் 5 விழுக்காட்டுக்கு மேல் இவற்றை நடக்கூடாது. இறுதிக் கலவையில் 10 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக்கூடாது. புட்டியின்மேல் இவற்றின் பெயரைப் போடவும் கூடாது!

மது என்றாலே நம் ஊர்களில் அழிந்துபோன குடும்பங்கள்தாம் நினைவுக்கு வரும். அது நியாயமே. இங்கு நாம் குடியைப் பற்றிப் பேசவில்லை, உழவைப் பற்றிப் பேசுகிறோம்.

போர்தோவில் அதிகப் பரப்பில் நிற்பது மெர்லோ. அது விரைவில் பழுக்கும் இரகம். குளிர்ந்த நாட்டில் அது பெரிய வரம். ஆனால் கோடையின் வெப்பம் கூடும்போது பழத்தில் சர்க்கரை மளமளவென்று ஏறுகிறது, புளிப்பு இறங்கிவிடுகிறது. சர்க்கரை ஏறினால் இரசத்தில் சாராயத்தின் அளவும் ஏறும். மேலும், குளிர்காலத்தின் முடிவு வெதுவெதுப்பாகிவிட்டால் கொடி முன்கூட்டியே துளிர்த்துவிடும். அதற்குப் பின் ஒரே ஓர் இரவு உறைபனி விழுந்தாலும் அந்த ஆண்டின் விளைச்சல் போய்விடும். 2021-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 4-ஆம் நாள் வந்தது. அந்த வாரத்தின் இரவுகளிலேயே பிரான்சின் பல பகுதிகளில் உறைபனி இறங்கியது. துளிர்களைக் காப்பாற்ற விவசாயிகள் கொடி வரிசைகளுக்கு இடையே நெருப்புச் சட்டிகளை ஏற்றி விடிய விடிய விழித்திருந்தார்கள். பாஸ்கா திருவிழிப்பில் நாம் மெழுகுதிரி ஏந்தி நின்ற சில நாள்களுக்குள் அவர்கள் வேறொரு விழிப்பு இருந்தார்கள். பல தோட்டங்களில் பலன் கிட்டவில்லை. தாமதமாகப் பழுக்கும் இரகங்களுக்கு இப்போது இவ்வளவு மதிப்பு வந்திருப்பது இதனால்தான்.

"நம் முன்னோர் காலத்திலிருந்து வந்ததை மாற்றலாமா?" என்று போர்தோவிலும் கேட்டார்கள். பங்கில் வழக்கமான ஒரு பாடலின் மெட்டை மாற்றினாலே என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும்; ஆகவே அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். ஆயினும் வரலாற்றைச் சற்றுப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த பில்லோக்சரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்களின்மேல் ஒட்டுக் கட்டித்தான் தோட்டங்கள் மீண்டன. மறுபடியும் நடும்போது எத்தனையோ இரகங்கள் கைவிடப்பட்டன. பின்னர் 1956 பிப்ரவரியில் கடுங்குளிர் கொடிகளை வேரோடு கொன்றது. அதன்பின் விவசாயிகள் பெரும் பரப்பில் நட்டது மெர்லோவைத்தான். அதற்கு முன்போ போர்தோவில் வெள்ளைத் திராட்சையே மிகுதி. ஆக, மாற்றக்கூடாத மரபு என்று இன்று சொல்லப்படும் அந்த ஒழுங்கு, நம்மில் மூத்தவர்கள் சிலரின் வயதைவிடக் குறைந்தது. இன்னும் ஒன்று: புதியவை என்று சொல்லப்படும் ஆறில் காஸ்தே அந்த மண்ணிலேயே இருந்து மறக்கப்பட்ட பழைய இரகம்.

இங்கே திருச்சபையின் பழைய கணக்கேடுகளும் சாட்சி சொல்ல வருகின்றன. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் போன் என்னும் சிறு நகர் உண்டு. அங்கே 1354 முதல் 2018 வரை ஆண்டுதோறும் திராட்சை அறுவடை தொடங்கிய நாள்களைத் தொகுத்து ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டார்கள். பழைய நூற்றாண்டுகளுக்கான தகவல் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? அந்நகரின் அன்னை மரியா ஆலயக் கணக்குகளிலிருந்து. பழம் பறித்தவர்களுக்குக் கூலி கொடுத்த தேதியை அங்கிருந்தவர்கள் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள். தாங்கள் வானிலை ஆய்வுக்கு உதவப் போகிறோம் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். 1988-க்குப் பின் அறுவடை சராசரியாக 13 நாள்கள் முன்னதாகவே தொடங்குகிறது என்பது அந்த ஆய்வின் முடிவு. கூலிக் கணக்கை நேர்மையாக எழுதுவதிலும் ஒரு திருப்பணி இருக்கிறது என்று நம் பங்குப் பொருளாளர்கள் மகிழலாம்.

ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியாவில் முயற்சி இன்னும் முன்பே தொடங்கியது. தோரஸ் என்னும் திராட்சை இரசக் குடும்பம் 1980-களில் உள்ளூர்ச் செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்தது. 'உங்கள் நிலத்தில் பெயர் தெரியாத பழைய திராட்சைக்கொடி இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள்' என்பதே அதன் சாரம். விவசாயிகள் சொன்னார்கள். வேலியோரத்திலும் கைவிடப்பட்ட தோட்டங்களிலும் நின்ற கொடிகளிலிருந்து இதுவரை 50-க்கும் மேற்பட்ட இரகங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பல நல்ல இரசம் தரவில்லை. சில மட்டும் வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கின. கார்ரோ, கெரோல் என்னும் இரண்டு, போப்லெட் துறவற மடத்தின் பழைய மதிலருகே உள்ள தோட்டத்தில் வளர்கின்றன. அது 12-ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் துறவிகள் நிறுவிய மடம். நமக்கு நெஞ்சில் நிற்பது அந்த விளம்பரத்திற்குப் பதில் சொன்ன விவசாயிகள்தாம். விலை போகாத ஒரு கொடியை வெட்டி எறியாமல் ஏன் விட்டு வைத்தார்கள்? சோம்பலாகவும் இருக்கலாம், பாட்டனார் நட்டது என்ற பாசமாகவும் இருக்கலாம்.

எனினும் இதையெல்லாம் மகிழ்ச்சியான கதையாக மட்டும் சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. 2021-இன் அனுமதி 'போர்தோ', 'போர்தோ சுப்பீரியர்' என்னும் பொதுவான இரு பெயர்களுக்கே வழங்கப்பட்டது. இப்பெயர்களில் விற்பவர்களுள் பலர் சாதாரண விவசாயிகள். இவர்களுக்கு வெப்பம் ஒன்றே தொல்லை அன்று. பிரான்சு மக்கள் சிவப்பு இரசம் அருந்துவது குறைந்துவிட்டது, சீனச் சந்தையும் சுருங்கியது. 2023-இல் போர்தோவில் 9,500 ஹெக்டேர் கொடிகளைப் பிடுங்குவதற்கு, ஹெக்டேருக்கு 6,000 யூரோ உதவித்தொகையுடன் ஒரு திட்டம் வந்தது. கொடியைப் பிடுங்கப் பணம் வாங்குகிறவரிடம் போய்ப் புதுக் கொடி நடச் சொன்னால் அவர் என்ன சொல்வார்? நட்ட கொடி பலன் தர மூன்று ஆண்டுகள் ஆகும். அது முப்பது, நாற்பது ஆண்டுகள் நிற்கும். கடனில் இருப்பவர் இதைத் துணிந்து செய்வது கடினம். சோதனையின் சுமையை உழவர் தனியே சுமக்க விடுவது நீதியன்று என்பதே நம் கருத்து. அரசும், அந்தப் பெயரால் வாழும் வணிகர்களும் அதில் பங்கேற்க வேண்டும்.

இரகத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணமும் தவறு. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு பதினோரு இரகங்களை எடுத்துக்கொண்டு உலகத் திராட்சைப் பகுதிகளைக் கணக்கிட்டது. புவி வெப்பம் 2 டிகிரி உயர்ந்தால், இன்று இரசத்துக்கான திராட்சை விளையும் நிலத்தில் 56 விழுக்காடு அதற்குத் தகுதியற்றதாகிவிடலாம். இரகங்களை மாற்றி நட்டால் அந்த இழப்பு 24 விழுக்காடாகக் குறையும். ஆனால் 4 டிகிரி உயர்ந்தால், மாற்றி நட்டாலும் 58 விழுக்காடு போய்விடும். கொடி தன்னால் இயன்றதைச் செய்யும். மீதியைச் செய்ய வேண்டியது நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கும் மனிதர். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் பூமியின் அழுகையையும் ஏழைகளின் அழுகையையும் பிரிக்காமல் பேசியது இதனாலேயே.

நம் தமிழகத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலும் ஏறத்தாழ ஒரே இரகத்தின்மேல்தான் விவசாயிகள் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை அது. அதைக் கொண்டு வந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்று சொல்லப்படுகிறது. அங்குள்ள பங்குகளில் இதைப் பற்றிப் பேசினால் கேட்க நமக்கும் ஆவல்.

போர்தோவின் புதிய இரகங்களுக்குப் பத்து ஆண்டுகள் சோதனைக் காலம் தரப்பட்டுள்ளது. தேவைப்பட்டால் அதை ஒருமுறை நீட்டிக்கலாம். 2021-இல் நட்ட கொடிகள் இப்போதுதான் முழுமையாகக் காய்க்கும் பருவத்துக்கு வந்திருக்கின்றன. அவற்றின் இரசம் மெர்லோவோடு கலந்து, பெயர் சொல்லாமல், கடைகளுக்குப் போகிறது. 2031-இல் அவற்றை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்று முடிவெடுப்பார்கள். அதற்குள் இன்னும் சில கோடைகள் வந்து போகும்.