ஆபீசர் ஆவது எப்படி?

விடுதித் தம்பிகள் சிலர் என்னிடம் வந்து, "அண்ணே, மிலிட்டரியில ஆபீசர் ஆவது எப்படி?" என்று கேட்பதுண்டு. முனைவர் பட்ட ஆய்வுக்கு வருமுன் அந்தத் தேர்வில் தோற்றவன் என்பதால் என்னைத் தேடி வருகிறார்கள். நானும் வழிகளைச் சொல்வேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்குத் தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு. பட்டதாரிகளுக்கு சிடிஎஸ். என்சிசி 'சி' சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாத சிறப்பு நுழைவு. பொறியாளருக்கும் சட்டம் படித்தவருக்கும் தனி வழி. சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு ஆர்மி கேடட் காலேஜ்.

கதவுகள் பல. ஆனால் இவை எல்லாம் ஒரே அறைக்குள்தான் திறக்கின்றன: எஸ்எஸ்பி எனப்படும் ஐந்து நாள் தேர்வு. என்டிஏவின் 1800 மதிப்பெண்ணில் 900 இந்த அறைக்கு. சிடிஎஸ்ஸிலும் சரிபாதி. என்சிசி நுழைவில் முழுவதும் இதுதான். எழுத்துத் தேர்வின் வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே.

பட்டியல் சாதி மாணவருக்கு அரசு தரும் சலுகை என்ன தெரியுமா? தேர்வுக் கட்டணம் தள்ளுபடி. இடஒதுக்கீடு? ஒரு இடம்கூடக் கிடையாது.

என் அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். எங்கள் வேலூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு சிப்பாய்கள் உண்டு. எங்கள் சேரியிலும் உண்டு, ஆனால் அதிகாரி என்று ஒருவர்கூட இல்லை. எழுத்துத் தேர்வில் தேறி நான் நேர்முகத்துக்குப் போனேன். முதலில் ஒரு படிவம் தந்தார்கள். அப்பாவின் தொழில், வருமானம், படித்த பள்ளி, மதம், எஸ்சி/எஸ்டியா என எல்லாம் அதில் எழுத வேண்டும். குழு விவாதத்தில் கண்டோன்மென்ட் பள்ளிகளில் படித்த பையன்கள் ஆங்கிலத்தில் பொழிந்தார்கள். நான் மனதுக்குள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் விவாதமே முடிந்துவிட்டது. ஐந்தாம் நாள் பெயர் வாசிக்கப்படாதவர்களோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

என்னைத் தேர்வு செய்தவர்கள் சாதி பார்த்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அவர்கள் பார்க்கத் தேவையே இல்லை. 'அதிகாரிக்குரிய பண்புகள்' என்ற அந்த அளவுகோலே அதைப் பார்த்துக்கொள்கிறது. தலைமுறையாக உத்தரவிட்டுப் பழகிய வீட்டுப் பிள்ளையின் மிடுக்கு அங்கே தன்னம்பிக்கை எனப்படும். தலைமுறையாக அடங்கிப் போகப் பழக்கப்பட்ட வீட்டுப் பிள்ளையின் தயக்கம் தகுதிக்குறைவு எனப்படும்.

"ராணுவத்தில் சாதி ஏது?" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. ராஜ்புத் ரெஜிமென்ட், ஜாட் ரெஜிமென்ட் என்பவை எதன் பெயர்கள்? 'வீர இனம்' என்ற வெள்ளைக்காரன் கட்டிய கதையால் துரத்தப்பட்டவர்கள் நம்மவர்கள். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி அதே ராணுவத்தில் சுபேதார். பிறகு மகர்களுக்கு அந்தக் கதவு அடைக்கப்பட்டது. மகர் ரெஜிமென்ட் உருவாக 1941 ஆகிவிட்டது. 1943இல் உருவான சமார் ரெஜிமென்ட் 1946இல் கலைக்கப்பட்டது. போர் வந்தால் நம் உடல் வேண்டும், போர் முடிந்தால் வேண்டாம்.

இடஒதுக்கீடு வந்தால் நாட்டின் பாதுகாப்பு கெடுமாம்! எல்லைப் பாதுகாப்புப் படையிலும் சிஆர்பிஎஃப்பிலும் உதவி கமாண்டன்ட் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. அவர்கள் கையில் இருப்பது பொம்மைத் துப்பாக்கியா? அமராவதி நகர் உள்ளிட்ட சைனிக் பள்ளிகளில் பட்டியல் சாதிக்கு 15 விழுக்காடு, பழங்குடிகளுக்கு 7.5 விழுக்காடு இடங்கள் உண்டு. அதிகாரியாக்குவதற்கென்றே நடத்தும் பள்ளியில் இடம் தரலாம், அகாடமி வாசலில் தரக்கூடாது என்பது என்ன நியாயம்? அரசியலமைப்பின் 16(4) பிரிவில் 'ராணுவம் நீங்கலாக' என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆயிரக்கணக்கான அதிகாரி இடங்கள் காலி என்று அரசே நாடாளுமன்றத்தில் சொல்கிறது. காலியாகக் கிடந்தாலும் கிடக்கட்டும், சேரிப் பிள்ளை வந்துவிடக் கூடாது என்பதுதான் இவர்களின் தகுதிக் கொள்கையா?

நாம் கேட்க வேண்டியவை மூன்று. அதிகாரி நியமனத்தில் இடஒதுக்கீடு. தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளில் எழுத்துத் தேர்வும் நேர்முகமும். அந்த ஐந்து நாள் அறைக்குள் நுழைந்தோர் எத்தனை பேர், தேறியோர் எத்தனை பேர் என்ற சாதிவாரிக் கணக்கு. சாதியைக் கேட்டுப் படிவத்தில் எழுதி வாங்குகிறவர்களுக்கு அதைக் கூட்டிச் சொல்ல என்ன தயக்கம்?

தம்பிகளிடம் இப்போதும் தேர்வு எழுதச் சொல்கிறேன். கூடவே இந்தக் கணக்கையும் கேட்கச் சொல்கிறேன்.